மூன்று தம்ளரும் ஒரு முத்திரையும்

எங்கள் காலத்தில் அதற்குக் 'கம்ப்ளெய்ன்ட்' என்று பெயர். இப்போது 'வாடிக்கையாளர் அனுபவம்' என்கிறார்கள். சென்ற மாதம் என் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்த அனுபவத்தைப் பற்றி இருபது நிமிடம் பேச முடியுமா என்று கேட்டாள். "கொஞ்சம் மோட்டிவேஷனலா இருந்தா நல்லாருக்கும் மேடம்" என்றும் சொன்னாள். போனேன், பேசினேன், கைதட்டினார்கள். ஆனால் சொல்ல வேண்டிய ஒன்றை அங்கே சொல்லவில்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன். ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. இனி என்னிடம் விளக்கம் கேட்டு யாரும் மெமோ அனுப்ப முடியாது.

கம்பெனி என்றால் பீர் கம்பெனி. கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சாலையில், இரும்புக் கம்பி செய்யும் ஆலைக்கும் அட்டைப்பெட்டி செய்யும் ஆலைக்கும் இடையில் ஒடுங்கிக்கொண்டு நிற்கும். மிகவும் சின்னது. எங்கள் பீர் பொன்னேரி, பழவேற்காடு, திருவள்ளூர், திருநின்றவூர் வட்டாரத்தைத் தாண்டிப் போனதில்லை. இதில் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வசதி இருந்தது. கோபம் வந்தால் பஸ் ஏறி நேராக எங்கள் வாசலுக்கே வந்துவிடலாம். வந்தார்கள்.

என் ஊர் பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணி. நெல் விவசாயக் குடும்பம். வேதியியல் படித்து முடித்ததும் ஆய்வுக்கூட வேலை கிடைத்தது. "இன்னா கம்பெனிம்மா?" என்று அப்பா கேட்டபோது "கூல் டிரிங்க்ஸ்" என்றேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. குளிர வைத்துத்தான் குடிக்கிறார்கள். கல்யாணமாகிக் கவரைப்பேட்டைக்கு வந்தபோது கணவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அம்மாகிட்ட கூல் டிரிங்க்ஸாவே இருக்கட்டும்" என்றார். மாமியார் சும்மா இருப்பாரா? "உங்க கம்பெனி ஜூஸ் ஒரு பாட்டில் எட்தாந்து குடேன்" என்பார். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் மாம்பழ ஜூஸ் வாங்கி, லேபிளை நனைத்து உரித்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒருநாள் குடித்துவிட்டு, "நல்லாத்தான் கீது. இனிப்புதான் ஜாஸ்தி. உங்க மேனேஜராண்ட சொல்லு" என்றார். என் வேலைக் காலத்தில் நான் பதிவேட்டில் எழுதாமல் விட்ட ஒரே புகார் அதுதான்.

முதல் மூன்று வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தண்ணீரைச் சோதித்தேன், ஈஸ்ட்டை எண்ணினேன், குழாய் கழுவியது சரியா என்று பார்த்தேன். நாலாவது வருடம் என் மூக்கைக் கண்டுபிடித்தார்கள். கலக்கிக் கொடுத்த பத்து வாசனைகளில் பத்தையும் சொல்லிவிட்டேனாம். அன்றிலிருந்து சுவைக்குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

சுவைக்குழு என்றால் எட்டுப் பேர். தினமும் காலை பதினொரு மணிக்குக் கூடுவோம். சாப்பாட்டுக்கு முந்தைய அந்த நேரத்தில்தான் நாக்கு சுத்தமாக இருக்குமாம். ஒரு மணி நேரம் முன்பிருந்தே காபி கூடாது, பாக்கு கூடாது, சென்ட் கூடாது. தலையில் வைத்த பூவை வாசலில் செக்யூரிட்டி மேஜையில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவேன். நிறம் தெரியாதபடி சிவப்புக் கண்ணாடித் தம்ளரில் இரண்டு விரல் அளவு பீர் வரும். மேல் மூடியை விலக்கி முதலில் மோந்து பார்க்க வேண்டும், பிறகு ஒரு வாய். துப்பக் கூடாது. கசப்பு தொண்டையில்தான் தெரியும் என்பதால் விழுங்க வேண்டும். நடுவில் உப்பில்லாத பிஸ்கட்டும் தண்ணீரும். பக்கத்தில் இருப்பவரோடு பேசக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. தாளில் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்காக மாதம் ஒரு படியும் உண்டு. ஆரணியில் பிறந்த ஒரு பெண் பீர் குடிக்கச் சம்பளம் வாங்கினாள் என்று இன்றைக்கும் என் ஊரில் யாருக்கும் தெரியாது. இந்தக் கட்டுரை அங்கே போய்ச் சேராது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

குழுவின் தலைவர் தர மேலாளர் சந்திரமோகன். வெள்ளைக் கோட்டின் மடிப்பு சாயங்காலம் வரை கலையாது. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவருடைய அகராதியில் 'கெட்டது' என்ற சொல்லே கிடையாது. புளித்துப்போன பீரை எதிரில் வைத்தாலும் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இது மாறுபட்டது" என்பார். அதிகம் புளித்திருந்தால் "சற்று மாறுபட்டது" என்பார். புகார் கடிதங்களுக்கு அவர் வைத்திருந்த பதிலும் ஒன்றே: 'தங்கள் அனுபவம் எங்கள் தர அளவிலிருந்து மாறுபட்டதற்கு வருந்துகிறோம்.' படிப்பவர் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார்.

புகார்களை வாங்கும் வேலையும் காலப்போக்கில் எனக்கே வந்தது. போதை ஏறவில்லை என்று வருவார்கள். போதை இறங்கவில்லை என்றும் வருவார்கள். லேபிளின் நிறத்தை மாற்றிய பிறகு தனக்கு நேரம் சரியில்லை என்று ஒருவர் வந்தார். திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிற ஒருவர், நுரையைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தார். மூன்று விரல் உயரம் நிற்க வேண்டிய நுரை ஒரு விரல்கூட நிற்கவில்லை, கம்பெனி ஏமாற்றுகிறது என்றார். அவரை வரவழைத்து, எங்கள் தம்ளரில் ஊற்றிக் காட்டினேன். நுரை மூன்று விரலுக்கு மேல் நின்றது. கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்த அவருடைய வீட்டுத் தம்ளரில் ஊற்றினேன். படுத்துவிட்டது.

"இந்த தம்ளர்ல வேற என்ன குடிப்பீங்க சார்?"

"நான் எதுவும் குடிக்க மாட்டேன் மேடம். வீட்ல எண்ணெய் ஊத்தி வைப்பாங்க. கழுவிட்டுத்தான் குடிக்கறேன்."

எண்ணெய்ப் பிசுக்குத் துளி இருந்தாலும் நுரை நிற்காது என்று விளக்கினேன். அவர் போய்த் தம்ளரை மாற்றினாரா, மனைவியோடு சண்டை போட்டாரா தெரியாது. இரண்டாவது கடிதம் வரவில்லை.

பாட்டிலோடு வருபவர்களுக்கு ஒரு முறை உண்டு. பாட்டிலை வாங்கியதும் முதலில் மூடியின் விளிம்பைப் பார்க்க வேண்டும், யாராவது நெம்பித் திரும்ப அடைத்திருக்கிறார்களா என்று. பிறகு கழுத்தில் அச்சடித்திருக்கும் தயாரிப்பு எண்ணைக் குறிக்க வேண்டும். எந்தத் தொட்டியில் தயாரானாலும் அதிலிருந்து சில பாட்டில்களை ஆறு மாதம் நாங்களே வைத்திருப்போம். அதற்குச் சாட்சி பாட்டில் என்று பெயர். வந்த பாட்டிலையும் சாட்சி பாட்டிலையும் ஒரே சமயத்தில் திறந்து ஒப்பிடுவோம். அநேகமாக இரண்டும் ஒன்றாகவே இருக்கும், வந்தவர் சமாதானமாகிவிடுவார். சமாதானமாகாதவர்களுக்கு 'மாறுபட்ட' கடிதம்.

இப்படியே ஓய்வு பெற்றிருப்பேன். நடுவில் கொரோனா வந்தது.

எங்கள் குழுவில் எல்லோரையும் அது ஒரு சுற்றுப் பார்த்தது. எனக்குக் காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது, மூக்கு மட்டும் மாதக்கணக்கில் பேஜாரு செய்தது. காபியில் ரப்பர் எரிகிற வாசனை, சோப்பில் வெங்காய வாசனை. இல்லாதது இருப்பதாகத் தெரியும், கொஞ்ச நாளில் சரியாகும் என்றார் டாக்டர். சரியாகவும் ஆயிற்று. ஆனால் அதற்குப் பிறகு என் மூக்கின்மேல் எனக்குப் பழைய நம்பிக்கை இல்லை. மற்றவர்களைக் கேட்டேன். தங்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்றார்கள். சந்திரமோகனும் அப்படித்தான் சொன்னார்.

ஒருநாள் பதினொரு மணிக்கு, பாட்டிலில் அடைக்கப் போகும் தொட்டியிலிருந்து மாதிரி வந்தது. மூடியை விலக்கினேன். காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியைப் பிரித்தால் ஒரு வாசனை வருமே, அது. மெல்லியதுதான். இன்னொரு முறை மோந்தேன். இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஏழு முகங்களும் அமைதியாக இருந்தன. சந்திரமோகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காபியில் ரப்பர் எரிந்தது நினைவுக்கு வந்தது. சந்தேகம் வந்தால் மறுசோதனை கேட்கலாம் என்று விதி இருக்கிறது. கேட்டிருந்தால், மூக்கு போனவள் என்று குழுவிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயம். முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டு 'இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எட்டுத் தாளிலும் அதே சொல்தான். பீர் பாட்டிலுக்குப் போய், பாட்டில் கடைக்குப் போனது.

மூன்று வாரம் கழித்து எல்லப்பன் வந்தார்.

பழவேற்காட்டுப் பக்கம் ஏரியிலும் கடலிலும் மீன் பிடிப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு பாட்டில் கொண்டுவந்திருந்தார். ஒன்று திறந்து அடைத்தது, ஒன்று திறக்காதது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மேடம், நான் குடிக்கறவன்தான். இல்லன்னு சொல்ல மாட்டன். படகுக்குப் புது இஞ்சின் வச்சோம். அஞ்சு பேரு கூட்டு. அந்த சந்தோசத்துக்கு நான்தான் பீரு வாங்கியாந்தேன். தொறந்தா குப்புன்னு ஆஸ்பத்திரி வாசன. புண்ணுக்கு மருந்து வச்சிக் கட்டுவாங்களே, அந்த ரூம்பு நாத்தம். குடிக்காதீங்கடான்னு எல்லார் கையிலேர்ந்தும் புடுங்கி மணல்ல ஊத்திட்டேன்."

"மத்தவங்க என்ன சொன்னாங்க?"

"ஒரு நாத்தமும் இல்லன்றானுங்க. கடைல போய்க் கேட்டா, கம்பெனியாண்ட போய்க் கேளுன்றாங்க. நல்ல நாளும் அதுவுமா வம்பு பண்ணிட்டான், இவன் சொல்றதெல்லாம் கதைன்னு பேசிக்கினு கீறானுங்க. இருவது வருசமா நான் மோந்து பாத்து, தண்ணி சரியில்ல, இந்தப் பக்கம் வலை போடாதன்னு சொன்னா கேட்டவனுங்க மேடம். இப்ப வலைக்கே என்னக் கூப்புடறதில்ல. நான் ஊட்ல குந்திக்கினு கீறேன்."

"உங்களுக்கு நாங்க என்ன செய்யணும்?"

"இன்னா செய்யணும்? நான் சொன்னது நெசமா பொய்யா? அத சொல்லுங்க."

அவர் எதிரிலேயே திறக்காத பாட்டிலைத் திறந்தேன். சாட்சி பாட்டிலையும் திறந்தேன். குனிய வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. அதே பிளாஸ்திரி வாசனை, இரண்டிலும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது மூக்கின் கோளாறு இல்லை. அந்த நிமிடம் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். என் மூக்கு சரியாக இருக்கிறது! அதற்குப் பிறகுதான் எதிரில் நிற்பவர் கண்ணில் பட்டார்.

சந்திரமோகனிடம் இரண்டு தம்ளரையும் கொண்டுபோனேன். அவர் மோந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். இந்த முறை நான் முகத்தை மறைக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எட்டு பேர் பாஸ் பண்ணது சுலோச்சனா. ஒருத்தர் வந்து சொல்றார்னு மாத்த முடியாது. அவருக்கு முக்கோண சோதனை வைங்க. நம்ம குழுவும் கூட உக்காரட்டும். மூக்கு தப்பு பண்ணும், நம்பர் தப்பு பண்ணாது."

முக்கோணச் சோதனை என்பது இதுதான். மூன்று தம்ளர் வைப்போம். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். தம்ளரில் பெயர் இருக்காது, மூன்று இலக்க எண் மட்டும். இப்படி ஏழு சுற்று. ஒன்றிரண்டு குருட்டாம்போக்கில் சரியாகலாம். ஏழும் ஆகாது. திரைக்குப் பின்னால் ஊற்றி வைப்பவருக்கு மட்டுமே விடை தெரியும். அன்றைக்கு ஊற்றியவள் நான். ஒரு பக்கம் புகார் வந்த தொட்டியின் பீர், இன்னொரு பக்கம் அதற்கு முந்தைய தொட்டியின் நல்ல பீர். தொடங்கும் முன் சந்திரமோகன் திரைக்குப் பின்னால் வந்து, "நாலாவது சுற்றுல மூணும் நல்ல பீரே வைங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆளை மடக்குவதற்கான வழி அது. வைத்தேன்.

எல்லப்பனை வெள்ளைச் சுவர் அறையில் உட்கார வைத்தோம். அவருக்கு ஒரு வரிசை, எதிரில் குழுவின் ஏழு பேருக்கும் அதேபோல வரிசைகள்.

"குடிக்கணுமா மேடம்?"

"உங்க இஷ்டம்."

"வேணாம். மோந்தா போதும்."

முதல் சுற்று. குழுவினர் மோந்து, வாயில் வைத்து, கண்ணை மூடி, பிஸ்கட் கடித்து, மறுபடி மோந்தார்கள். எல்லப்பன் மூன்று தம்ளர்மேலும் முகத்தை ஒரு தடவை ஓட்டிவிட்டு நடுத்தம்ளரைத் தள்ளிவைத்தார். இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று, அதேபோலத்தான். மற்றவர்கள் எழுதி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக அட்டைப்பெட்டி ஆலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது சுற்றில் முகத்தை ஓட்டியவர் நிறுத்தினார். மறுபடி ஓட்டினார். என்னைப் பார்த்தார்.

"மேடம், மூணும் ஒண்ணுதான். இன்னாத்துக்கு ஏமாத்துறீங்க?"

சந்திரமோகனைத் தவிர குழுவின் மற்ற ஆறு பேரும் அந்தச் சுற்றில் 'வேறானது' என்று ஒரு தம்ளரைத் தேர்ந்தெடுத்து ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தார்கள்.

தாள்களை நான்தான் திருத்தினேன். எல்லப்பனுக்கு ஏழுக்கு ஏழு. குழுவில் ஒருவருக்கு நாலு, மற்றவர்களுக்கு இரண்டும் மூன்றும். இத்தனை வருடப் பயிற்சியை விட்டுவிட்டுத் திருவுளச்சீட்டுப் போட்டிருந்தாலும் இதே மதிப்பெண்தான் வந்திருக்கும். சந்திரமோகனுக்கு ஒன்று, அதுவும் அவரே வைக்கச் சொன்ன நாலாவது சுற்று.

எல்லோரையும் அனுப்பிவிட்டு அவர் தன் அறையில் உட்கார்ந்திருந்தார். தாளைக் கொடுத்தேன்.

"கதவ சாத்துங்க" என்றார். சாத்தினேன்.

"எனக்கு ரெண்டு வருஷமா ஒரு வாசனையும் தெரியாது சுலோச்சனா. கசப்பும் இனிப்பும் நாக்குல தெரியும். அத வச்சு ஓட்டறேன். மீதிக்கு உங்க முகம்."

"என் முகமா சார்?"

"ஏதாவது தப்பா இருந்தா உங்க இடது புருவம் லேசா ஏறும். அதப் பாத்துத்தான் மார்க் போடறேன். மத்தவங்க என்னப் பாத்துப் போடறாங்கன்னு நினைக்கறேன். அன்னிக்கி உங்க புருவம் ஏறல. அதான் இயல்புன்னு எழுதினேன்."

எங்கள் கம்பெனியின் தரக்கட்டுப்பாடு முழுவதும் இரண்டு வருடமாக என் இடது புருவத்தில் நடந்திருக்கிறது. அதை நான் ஒரே ஒருநாள் பயந்து அடக்கி வைத்தேன். "அன்னிக்கி எனக்கு வாசனை தெரிஞ்சது சார்" என்றேன். "நீங்க எல்லாரும் அமைதியா இருந்தீங்க. என் மூக்குதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்."

அவர் சிரிக்க முயன்றார். வரவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க அன்று மதியமே போதுமாயிருந்தது. அந்தத் தொட்டிக்குப் போகும் தண்ணீரிலிருந்து குளோரினை எடுக்கும் கரி வடிகட்டி செயலிழந்திருந்தது. மீதமான குளோரின் பீரோடு சேர்ந்தால் இந்த மருந்து வாசனை வரும். கரியை மாற்றினோம். கடைகளில் மீதமிருந்த பாட்டில்களைத் திரும்ப எடுக்கச் சொல்லிச் சந்திரமோகன் ஆள் அனுப்பினார். அதில் அவர் தயங்கவில்லை.

எல்லப்பன் இன்னும் வரவேற்பறையில்தான் இருந்தார். அவருக்கு இரண்டு பெட்டி பீரும் கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட்டும் கொடுத்தார்கள். தொடவில்லை. அச்சடித்த கடிதத்தைக் கொடுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார்.

"மேடம், மாறுபட்ட அனுபவம்னு போட்டுகீறீங்க. இதுல நான் சொன்னது நெசமா பொய்யான்னு எங்க கீது?"

இல்லைதான். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் கையாலேயே எழுதினேன். 'பழவேற்காடு திரு. எல்லப்பன் கொண்டுவந்த பீரில் மருந்து வாசனை இருந்தது. அவர் சொன்னது உண்மை. இது பாட்டிலில் அடைக்கப்படும் முன்பே எனக்கு அந்த வாசனை தெரிந்தது. இருந்தும் சரியாக இருக்கிறது என்று கையெழுத்திட்டேன். தவறு எங்களுடையது.' கீழே பெயரும் பதவியும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் படித்தார். மூன்றாவது வரியில் நின்றார்.

"இத நான் கேக்கலியே மேடம்."

"கேக்கலதான். ஆனா நெசம்."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாளை நீட்டினார். "சீல் இல்லியே. சீல் இல்லாத காயிதத்த எவன் நம்புவான்?"

கம்பெனியின் வட்ட முத்திரை சந்திரமோகனின் மேஜை இழுப்பறையில் பூட்டியிருக்கும். தாளோடு போய் நின்றேன். அவர் இரண்டு தடவை படித்தார். பேனாவைத் திறந்தார். மூன்றாவது வரியை அடித்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். முதல் வரியில் 'மருந்து வாசனை' என்று நான் எழுதியிருந்ததில் 'வாசனை'யை அடித்து, மேலே அழகான எழுத்தில் 'நாற்றம்' என்று எழுதினார். இருபது வருடத்தில் அவர் அப்படியொரு சொல்லைப் பயன்படுத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு இழுப்பறையைத் திறந்து, முத்திரையை மையில் ஒற்றி, அழுத்திக் குத்தினார். நகல் எடுக்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து எல்லப்பன் போன் செய்தார். "மேடம், காயிதத்தக் காட்டினேன். கடையாண்டயும் போய்க் காட்டினேன். அங்க குந்திக்கினு இருந்தவன் எல்லாம் எய்ந்து வந்து படிச்சான். நாளைலேர்ந்து வலைக்கி வரச் சொல்லிட்டானுங்க." பின்னால் யாரோ அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டார்.

கடையில் அவர் கடிதத்தைக் காட்டியபோது எங்கள் விற்பனைப் பிரதிநிதி அங்கே இருந்திருக்கிறார். அவர் தன் கடமையைச் செய்தார். சென்னையில் தலைமை அலுவலகத்துக்குச் செய்தி போயிற்று. கம்பெனியே தன் தவறை எழுதி, முத்திரை குத்தி, வாடிக்கையாளர் கையில் கொடுத்திருக்கிறது! அங்கிருந்து எனக்கு மெமோ வந்தது. அனுமதியின்றி அவ்வாறு எழுதிக் கொடுத்ததாகத் தெரியவருகிறது, வேலையிலிருந்து ஏன் நீக்கக் கூடாது, ஏழு நாளில் விளக்கம் தரவும். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்தான் பாக்கி.

அதே வாரத்தில் சந்திரமோகனுக்குப் பதவி உயர்வு வந்தது. புகாரை அறிவியல் முறையில் சோதித்துத் தவறைக் கண்டுபிடித்ததற்காகத் தலைமை அலுவலகத்தில் புதிதாகத் தொடங்கிய வாடிக்கையாளர் அனுபவப் பிரிவுக்கு அவரைத் தலைவராக்கினார்கள். கடிதத்தைப் பற்றி அவரிடமும் கேட்டிருக்கிறார்கள். அந்த நாளைப் பற்றித் தன் நினைவு சற்று மாறுபட்டது என்று பதில் எழுதினாராம்.

நான் என் விளக்கத்தை இரண்டே வரியில் எழுதினேன். எழுதிக் கொடுத்தது நான்தான், எழுதியதெல்லாம் உண்மை. உறையில் போட்டு ஒட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். தினமும் கொடுத்துவிட வேண்டும் என்று எடுப்பேன், மறுபடி உள்ளே வைப்பேன். மகளின் கல்லூரிப் படிப்பு முடியவில்லை. ஐந்து நாள் இப்படிப் போயிற்று.

ஆறாம் நாள் சென்னையிலிருந்து சட்டப்பிரிவு அதிகாரி பாலாஜி என்பவர் வந்தார். கடிதத்தின் அசல் கையில் இல்லாமல் நடவடிக்கை எடுக்க முடியாதாம். அதை வாங்கிவரக் கம்பெனி காரிலேயே பழவேற்காட்டுக்குப் போனார். மதியம் மூன்று மணிக்குத் திரும்பி வந்து என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேன்ட் முழங்கால் வரை மணல்.

"போன காரியம் ஆச்சா சார்?" என்றேன்.

"எங்க மேடம்? அந்த ஆளத் தேடிப் புடிக்கவே ரெண்டு மணி நேரம் ஆச்சு. படகுக்கிட்ட வலை பிரிச்சுக்கிட்டு இருந்தார். நான் மறைக்காம சொல்லிட்டேன். அந்த லெட்டர எழுதின அம்மா மேல ஆக்‌ஷன் எடுக்கணும், அதுக்குத்தான் ஒரிஜினல் வேணும்னு. கையில வச்சிருந்த வலைய கீழ வச்சார். கொஞ்ச நேரம் யோசிச்சார். அப்புறம், 'இன்னா லெட்டரு? எனக்கு யாரும் ஒண்ணும் எழுதிக் குடுக்கலியே'ன்னுட்டார்."

"அப்படியா சொன்னார்?"

"கூட இருந்த நாலு பேரக் கேட்டேன். நாங்க லெட்டர் எதையும் பாக்கலன்னு அவங்களும் ஒரே வார்த்தையா சொல்றாங்க. கடையில யாரோ ஏதோ பேப்பரக் காட்டினத நம்ம ரெப் தப்பா புரிஞ்சிருக்கணும். மெமோவ வாபஸ் வாங்கிடறோம் மேடம். உங்களுக்குத்தான் வீண் சிரமம்."

கைப்பையில் இருந்த உறையின்மேல் என் கை இருந்தது. எடுக்கவில்லை. "டீ சாப்பிடறீங்களா சார்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். கதவருகில் போய் ஏதோ நினைத்துக்கொண்டவர்போலத் திரும்பினார். "நான் எத்தனையோ விசாரணை பண்ணியிருக்கேன். ஆளப் பாத்தாலே தெரிஞ்சிடும். அந்த மனுஷனப் பாத்தா பொய் சொல்ற மாதிரியே தெரியல மேடம்."